ஏர் எங்கே போகிறது? லாரி ஏர் லைன் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் அநேகமாக எல்லாமே லாரி பிரேக்கை இயக்கும் காற்று கசிவதை, அதாவது ஏர் லீக்கைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறோம். எந்தப் பதிலைச் செய்து பார்ப்பதாக இருந்தாலும் முதலில் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். கீழே வருகிற சோதனைகளில் பாதிக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி (நாமக்கல்): 12 சக்கர லாரி. ராத்திரி 8 மணிக்கு நிறுத்தும்போது கேஜில் 8 பார் அழுத்தம். காலை 6 மணிக்கு முள் பூஜ்யத்தில் கிடக்கிறது. டேங்க் ஃபிட்டிங் எல்லாவற்றையும் இறுக்கிப் பார்த்தாகிவிட்டது. சத்தமும் கேட்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சத்தம் கேட்கவில்லை என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. முள் விடியும்வரை மெல்ல இறங்கியது என்று வைத்துக்கொண்டால், 10 மணி நேரத்தில் 8 பார், நிமிடத்துக்குச் சராசரியாக 0.013 பார். அமெரிக்காவில் இன்ஜினை அணைத்து, பிரேக்கை விட்ட நிலையில் தனி லாரி ஒன்று நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ. வரை, அதாவது 0.14 பார் வரை இழக்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டியின் லீக் அதில் பத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சின்ன லீக்கைக் காதால் பிடிக்க முடியாது, சோப்புத் தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும். சாலையில் ஆபத்து தருகிற லீக்கும் இல்லை இது. ஆனாலும் தினமும் காலையில் ஏர் ஏறும்வரை இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது டீசலுக்குக் கேடு.

இன்னொன்றையும் கழித்துவிடுங்கள். பகல் முழுக்க ஓடி டேங்க் 45 டிகிரியில் இருந்து, விடியற்காலை 25 டிகிரிக்கு ஆறினால், ஒரு துளி லீக் இல்லாமலே 8 பார் ஏழரைக்கு வந்துவிடும். காலையில் அரை பார் குறைந்திருக்கிறது என்று யாராவது வால்வை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

பட்டறைகளில் எடுத்தவுடனே ஸ்பேனரைத் தூக்குகிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது பேனாவும் ஒரு காகிதமும். டேங்க் நிறைந்து, ஏர் ஏறுவது தானாக நின்று (இதுதான் கட்ஆஃப்) 'புஸ்' என்று விடும்வரை ஏர் ஏற்றுங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, முன் கேஜ், பின் கேஜ் இரண்டின் அளவையும் எழுதிக்கொண்டு மூன்று நிலைகளில் பாருங்கள்.

ஒன்று, ஹேண்ட் பிரேக் விட்ட நிலை, காலில் எதுவும் இல்லை, 5 நிமிடம். இரண்டு, கால் பிரேக்கை முழுக்க அழுத்திப் பிடித்த நிலை. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால் ஆள் தேவையில்லை. அழுத்தியவுடன் முள் ஒரு படி இறங்கும், அது சக்கரங்களின் பக்கத்தில் பிரேக்கைத் தள்ளும் கிண்ணங்களை, அதாவது சேம்பர்களை நிரப்பப் போன ஏர், லீக் இல்லை. இறங்கி நின்ற இடத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். மூன்று, ஹேண்ட் பிரேக் போட்ட நிலை, இங்கேயும் 5 நிமிடம்.

இப்போது எழுதியதை வைத்துப் படிக்கலாம். இரண்டாவது நிலையில் மட்டும் இறங்கினால் பிரேக் சேம்பரின் டயாஃபிரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு), சேம்பருக்குப் போகும் ஹோஸ், கால் பிரேக் வால்வு, அதன் சைகையில் சேம்பருக்கு ஏரைத் திறந்துவிடும் ரிலே வால்வு இவற்றில் ஏதோ ஒன்று. எந்தக் கேஜ் இறங்கியது என்பது முன்பக்கமா பின்பக்கமா என்று சொல்லிவிடும். முதல் நிலையில் இறங்கி, ஹேண்ட் பிரேக் போட்டதும் நின்றுவிட்டால் ஸ்பிரிங் பிரேக் பக்கம். ஹேண்ட் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் ஏர். போட்டபோது மட்டும் இறங்கினால் முதல் சந்தேகம் ஹேண்ட் பிரேக் வால்வின் மேல். எல்லா நிலையிலும் ஒரே மாதிரி இறங்கினால் டேங்க், அதன் தண்ணீரை வெளியே விடும் டிரெய்ன் வால்வு, டேங்கிலிருந்து வால்வுகளுக்குப் போகும் பைப்புகள், இல்லையென்றால் ஹார்ன், கிளட்ச் பூஸ்டர், சீட் போன்ற உபரி லைன்.

உங்கள் வண்டி ராத்திரி முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டுத்தானே நிற்கிறது? அப்படியானால் ஸ்பிரிங் சேம்பருக்குள் அப்போது ஏரே இல்லை. ராத்திரி லீக்குக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. இதைக் கவனிக்காமல் பின் சக்கரச் சேம்பரை மாற்றி, ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் காலையில் முள் பூஜ்யத்தில் நிற்பது சகஜம். உங்கள் வண்டியில் முதலில் டேங்க் அடியில் இருக்கும் டிரெய்ன் வால்வுகளில் சோப்பு வையுங்கள். சின்ன ராத்திரி லீக்குகளில் அநேகம் அங்கேதான் அகப்படும். வால்வின் இருக்கையில் துருத்தூளோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியிருக்கும். முழு ஏரில் வளையத்தைப் பக்கவாட்டில் ஐந்தாறு முறை இழுத்துவிட்டால் பாதி வண்டிகளில் அதுவே அடைந்துவிடும். அடையாவிட்டால் வால்வை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

'எல்லாவற்றையும் இறுக்கினோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் இனிச் செய்யாதீர்கள். லீக் இல்லாத ஃபிட்டிங்கை இறுக்கினால் உள்ளே இருக்கும் ஆலிவ் வளையம் நைலான் பைப்பை இன்னும் நெரிக்கும். வால்வு உடம்பு பெரும்பாலும் அலுமினியம், மரை உரிந்துபோகும். இன்று லீக் இல்லாத இடத்தில் அடுத்த மாதம் லீக் வரும்.

கேள்வி (ஓசூர்): சோப்புத் தண்ணீர் என்றால் எந்தச் சோப்பு? எவ்வளவு கலக்க வேண்டும்?

பதில்: பாத்திரம் கழுவும் திரவமோ தலைக்குப் போடும் ஷாம்பூவோ போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மூடி. சலவை சோடா வேண்டாம், அமோனியா கலந்த கிளீனர் நிச்சயமாக வேண்டாம். அமோனியா பித்தளை ஃபிட்டிங்கில் மயிரிழை விரிசலை உண்டாக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தடவிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பெரிய லீக்கில் குமிழ் பறக்கும். சின்ன லீக்கில் மாவு நுரைபோல வெள்ளையாக மெல்லப் பொங்கும், அவசரப்பட்டால் கண்ணுக்குத் தப்பிவிடும். வால்வு ஏரை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வாயில் வரும் கசிவுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஓர் அங்குலக் குமிழ் உருவாக 5 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் அந்த வால்வைத் தொடாதீர்கள். பைப் இணைப்பில் அந்தச் சலுகை கிடையாது. முடிந்ததும் வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கேள்வி (கரூர்): பின் ஆக்ஸில் மேலே இருக்கும் ரிலே வால்வின் அடி வாயிலிருந்து விடாமல் ஏர் வருகிறது. புது ரிலே வால்வு போட்டும் அதேபோல் வருகிறது. ஹேண்ட் பிரேக் போட்டால் நின்றுவிடுகிறது. வாங்கின வால்வே கெட்டதா?

பதில்: வால்வு நல்லதுதான். பழைய வால்வும் நல்லதாகவே இருந்திருக்கும், தூக்கி எறியாமல் வைத்திருந்தால் ஸ்பேராக எடுத்து வையுங்கள்.

சத்தம் வருகிற இடத்தையே லீக் இருக்கிற இடமாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் இரண்டு அறைகள். ஓர் அறையில் பலத்த ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக்கை விடும்போது ஏர் வந்து அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிறது. அடுத்த அறை கால் பிரேக்குக்கு. இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒரு தண்டு போய்வருகிறது, அதைச் சுற்றி ஒரு ரப்பர் சீல். அந்தச் சீல் தேய்ந்தால் ஸ்பிரிங் அறையின் ஏர் கால் பிரேக் அறைக்குள் கசியும். காலில் பிரேக் இல்லாதபோது அந்த அறையின் லைன் ரிலே வால்வின் எக்ஸாஸ்ட் வழியாக வெளியே திறந்துதானே கிடக்கிறது? கசிந்த ஏர் ஹோஸ் வழியாகப் பின்னோக்கி வந்து ரிலே வால்வின் வாயில் ஊதுகிறது. ஹேண்ட் பிரேக் போட்டால் ஸ்பிரிங் அறை காலியாகிறது, லீக்கும் நிற்கிறது. நீங்கள் எழுதிய அறிகுறி அச்சு அசலாக இதுதான்.

இனி எந்தச் சேம்பர் என்று பார்க்க வேண்டும். கட்டை போட்டு, முழு ஏர் ஏற்றி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பெடலை யாரும் தொடக் கூடாது. ஒவ்வொரு சேம்பரிலும் கால் பிரேக்குக்கான சர்வீஸ் ஹோஸை மட்டும் கழற்றுங்கள். பெரும்பாலான சேம்பர்களில் சர்வீஸ் வாயில் 11 என்றும் ஸ்பிரிங் வாயில் 12 என்றும் பொறித்திருக்கும். எழுத்து துருவில் மறைந்திருந்தால் பைப்பைப் பின்தொடர்ந்து பாருங்கள், கால் பிரேக்கின் ரிலே வால்விலிருந்து வருவதுதான் சர்வீஸ். தவறி 12ஆம் வாயைக் கழற்றினால் ஏர் முகத்தில் அடிக்கும், அந்தச் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். ஆகவே கண்ணாடி போடாமல் இதில் இறங்காதீர்கள். கழற்றிய வாயில் ஈரக் கையை வைத்துப் பாருங்கள். நல்ல சேம்பரில் ஒன்றும் வராது. எதில் ஏர் வருகிறதோ அதுதான் ஆள். நான்கு சேம்பர்களையும் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆகாது.

பழுதான சேம்பரை முழுதாக மாற்றுங்கள். சீல் கிட் மலிவு என்று ஸ்பிரிங் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான கிலோ விசையில் அமுங்கி நிற்கிற ஸ்பிரிங் அது. ஸ்பிரிங் பக்கத்து கிளாம்பைத் திறந்து உயிரை விட்டவர்கள் உண்டு. அதற்கென்று பிரஸ் வைத்திருக்கிற சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு எங்கும் அதைத் திறக்க விடாதீர்கள்.

கேள்வி (ஏற்காடு சாலை, சேலம்): பிரேக் மிதிக்கும்போது மட்டும் இடது பின் சக்கரத்தில் 'உஸ்ஸ்' சத்தம். டயாஃபிரம்தான் என்கிறார் மெக்கானிக். டயாஃபிரமை மட்டும் மாற்றலாமா?

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சேம்பரின் முன் கிண்ணத்தில் உள்ள சிறு துளைகளில் ஏர் வருகிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள், சில வேளை ஹோஸின் நுனி வெடிப்பும் அதே சத்தம் போடும்.

மாற்றலாம், ஆனால் முதலில் ஸ்பிரிங்கைப் பூட்ட வேண்டும். முழு ஏர் ஏற்றி ஹேண்ட் பிரேக்கை விட்டால் ஏரே ஸ்பிரிங்கை அமுக்கிவிடும். அந்த நிலையில் பின்துளையில் T வடிவத் தலையுள்ள டி போல்ட்டைச் செருகி, கால் சுற்றுத் திருப்பி மாட்டி, நட்டை இறுக்குங்கள். சில சேம்பர்களில் போல்ட் உள்ளேயே இருக்கும், இடப்பக்கமாகத் திருகினால் வெளியே வரும். எதுவானாலும் கை ஸ்பேனர்தான், இம்பாக்ட் கன் கூடாது. ஸ்பிரிங் பூட்டிய பிறகு ஏரை முழுக்க இறக்கிவிட்டு, புஷ் ராடு பக்கம் இருக்கும் கிளாம்பை மட்டும் கழற்றுங்கள். புது டயாஃபிரம் சேம்பரின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், 24க்கு 24, 30க்கு 30. உதட்டில் மணல் ஒட்டாமல் உட்கார வைத்து, கிளாம்பின் இரு காதுகளையும் மாற்றி மாற்றிச் சீராக இறுக்கி, கிளாம்பைச் சுற்றிச் சுத்தியலால் லேசாகத் தட்டி மறுபடி இறுக்குங்கள். போல்ட்டை விடுவிக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் அந்தச் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக் இல்லை என்று மலையில் நிறுத்தும்போதுதான் தெரியவரும்.

ஒரு பக்கம் போனால் அதே ஆக்ஸிலில் மறுபக்கத்து டயாஃபிரமுக்கும் அதே வயதுதான். இரண்டையும் சேர்த்து மாற்றுவது எங்கள் கட்சி.

கேள்வி (திருச்செங்கோடு): போர்வெல் ரிக் வண்டி இரண்டு மாதம் நின்றிருந்தது. எலி நைலான் பைப்பை மூன்று இடத்தில் கடித்துவிட்டது. சைக்கிள் டியூபைச் சுற்றி, கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைக்கு லீக் இல்லை. விடலாமா?

பதில்: விடக் கூடாது. கேஜில் 8 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 8 கிலோ எடை தள்ளுகிறது. எலி கடித்த இடத்தில் பைப்பின் சுவர் ஏற்கெனவே மெலிந்துவிட்டது. ரப்பர் கட்டு சூட்டில் இளகுகிற நாளில், அதுவும் பிரேக்கை ஓங்கி மிதிக்கிற நேரத்தில்தான் அவிழும்.

அடுத்தடுத்து மூன்று கடி ஒரே பைப்பில் என்றால் பைப்பை முழுதாக மாற்றுங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டும் உள்வழியைக் கொஞ்சம் குறுக்கும், அந்தச் சக்கரத்துக்கு பிரேக் பிடிப்பது அந்த அளவுக்குத் தாமதமாகும். ஒரே ஒரு கடி என்றால் வெட்டி இணைக்கலாம். அதை இப்படிச் செய்யுங்கள்.

டேங்குகளை முழுக்க டிரெய்ன் செய்யுங்கள். கடித்த இடத்துக்கு இரு பக்கமும் 3 சென்டிமீட்டர் தள்ளி, நல்ல பைப்பில் வெட்டுங்கள். ஆக்ஸா பிளேடு வேண்டாம். அது பிசிறு விடும், பிசிறு உதிர்ந்து நேராகக் கால் பிரேக் வால்வுக்குப் போய் உட்காரும். பைப் கட்டர் இல்லையென்றால் கூரான புதுப் பிளேடு. வெட்டு செங்குத்தாக இருக்க வேண்டும். வெட்டிய முனையை ஒரு தட்டையான இரும்பின் மேல் நிறுத்திப் பாருங்கள், சாய்ந்தால் மறுபடி வெட்டுங்கள்.

பிறகு நட்டு, அதன் பின் ஆலிவ் வளையம், அப்புறம் பைப்புக்குள் செருகும் பித்தளைக் குழல். அந்தக் குட்டிக் குழலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் இறுக்கினால் ஆலிவ் நெரிக்கிற இடத்தில் நைலான் உள்வாங்கிக்கொள்ளும். அன்றைக்கு லீக் தெரியாது. சூடும் குளிரும் மாறிமாறி வந்து பிடி தளர்ந்ததும் பைப் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். பைப்பை ஜாயின்ட்டின் உள்படி முட்டும்வரை தள்ளி, நட்டு விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். கையால் போகும்வரை நட்டைச் சுற்றி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். ஜாயின்ட் உடம்பை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பைப் முறுக்கிக்கொள்ளும். இறுக்கிய பிறகு கோடு நகர்ந்திருந்தால் பைப் முட்டவில்லை, கழற்றிப் புது ஆலிவ் போட்டு மறுபடி செய்யுங்கள். ஒருமுறை நெரிந்த ஆலிவ் இன்னொரு முறைக்கு உதவாது.

அழுத்திச் செருகும் வகை ஃபிட்டிங் என்றாலும் வெட்டும் ஆழமும்தான் முக்கியம். பழைய பைப்பைத் திரும்பச் செருகுவதானால் பல்லின் தடம் பட்ட நுனி ஒரு சென்டிமீட்டரை வெட்டிவிட்டுச் செருகுங்கள். அந்தக் கீறல் வழியாகத்தான் ஓ ரிங்கைத் தாண்டி ஏர் நழுவும். செருகியதும் ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள்.

பைப் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலை மெஷின்களுக்கு விற்கும் நீல நிற பாலியூரித்தேன் டியூப் அளவில் ஒத்துப்போகும், வளைக்கவும் சுலபம், விலையும் குறைவு. பிரேக் லைனுக்கு அது ஆகாது. லாரி பிரேக்குக்கு என்று அச்சிட்ட பாலியமைடு பைப்தான் வேண்டும். வெளி விட்டமும் சுவர்த் தடிமனும் பழைய பைப்பின் மேலேயே அச்சாகியிருக்கும், 12க்கு 1.5 என்பது போல. அதையே கேட்டு வாங்குங்கள். புதுப் பைப்பை சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோய், அரை மீட்டருக்கு ஒரு கிளிப் போடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள், சேஸிஸ் முறுக்கும்போது பைப்புக்குக் கொஞ்சம் தொய்வு வேண்டும். எலிக்கு வரிவரியான பிளாஸ்டிக் உறை ஓரளவு காப்பு. கேபினில் சிந்திய சோற்றுப் பருக்கையைக் கூட்டி எடுப்பது அதைவிட நல்ல காப்பு.

கேள்வி (கரூர், இன்னொரு வாசகர்): டெஃப்லான் டேப் எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? எம்-சீல் வைத்தால் என்ன?

பதில்: இன்றைய லாரிகளில் வால்வு வாய்கள் பெரும்பாலும் 16, 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள நேர் மரை. அதில் ஏரை அடைப்பது மரையே அல்ல, அடியில் இருக்கும் ஓ ரிங்கோ வாஷரோதான். அங்கே டேப் எத்தனை சுற்றினாலும் பயனில்லை. பிய்ந்த துணுக்கு உள்ளே போய் ரிலே வால்வின் இருக்கையில் ஒட்டினால் புது லீக் இலவசம். ஓ ரிங்கை மாற்றுங்கள். நுனி நோக்கிச் சிறுக்கும் மரையுள்ள பழைய ஃபிட்டிங்குக்கு மட்டும், முதல் இரண்டு மரையை விட்டு டேப் சுற்றலாம். எம்-சீல் எங்கேயும் வேண்டாம். விரிசல் விட்ட எல்போவுக்கு மருந்து புது எல்போதான்.

கேள்வி (தூத்துக்குடி): டிரெய்லரை இழுக்கும் டிராக்டர் தனியாக நின்றால் ஏர் இறங்காமல் நிற்கிறது. டிரெய்லரை இணைத்தால் நிமிடத்துக்கு அரை பார் இறங்குகிறது. துறைமுக கேட்டில் வரிசையில் நிற்கும்போதே பஸர் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது.

பதில்: நிமிடத்துக்கு அரை பார் பெரிய லீக். இணைப்பு வண்டிக்கு அமெரிக்க விதியே பிரேக் விட்ட நிலையில் 3 பி.எஸ்.ஐ., அதாவது 0.2 பார் வரைதான் ஒத்துக்கொள்கிறது. சரி செய்யாமல் லோடு ஏற்றாதீர்கள்.

முதலில் டிராக்டரின் ஏர் லைனை டிரெய்லரோடு இணைக்கும் சிவப்பு, மஞ்சள் கப்ளிங்குகளின் (பாம் கப்ளிங் என்பார்கள்) ரப்பர் சீலைப் பாருங்கள். உப்புக் காற்றிலும் நிலக்கரித் தூளிலும் அவை சீக்கிரம் கெட்டியாகி விளிம்பு நறுக்கும். விரலால் மடக்கிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். சில பத்து ரூபாய்ச் சமாச்சாரம், எப்போதும் நான்கைந்து டூல் பாக்ஸில் இருக்கட்டும். கழற்றிய கப்ளிங்கைத் தரையில் போடாமல் அதற்கான கொக்கியில் மாட்டினால் இரு மடங்கு உழைக்கும்.

சீல் நன்றாக இருந்தால் லைனைப் பிரியுங்கள். சிவப்பில் எப்போதும் ஏர் இருக்கும், மஞ்சளில் பிரேக் பிடிக்கும்போது மட்டும். பெடலைத் தொடாமலே இறங்கினால் சிவப்பு ஹோஸ், டிரெய்லரின் எமர்ஜென்ஸி ரிலே வால்வு, டிரெய்லர் டேங்க், அதன் டிரெய்ன் வால்வு. டிரெய்லர் டேங்கின் டிரெய்ன் வால்வை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை, அங்கே சோப்பு வைக்க மறக்காதீர்கள். மிதித்தால்தான் இறங்குகிறது என்றால் மஞ்சள் ஹோஸும் டிரெய்லர் சேம்பர்களும். சுருள் ஹோஸ் வெடிப்பது அநேகமாக நுனியில், ஸ்பிரிங் காப்பு முடிகிற இடத்தில். வண்டி திரும்பும்போதுதான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். எனவே ஹோஸைக் கையால் வளைத்துக்கொண்டே சோப்பு தடவுங்கள்.

கேள்வி (பெருந்துறை): ஏர் டிரையரின் அடியில் எப்போதும் காற்று வருகிறது. பட்டறையில் டி.டி.யூ. (டிரையரும் ஏரைப் பங்கிடும் வால்வும் சேர்ந்த யூனிட்) முழுதாகப் போச்சு, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: எப்போது வருகிறது என்று பார்க்காமல் அதை மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்ஆஃப் ஆனதும் ஒரு பெரிய 'புஸ்', அதன் பின் சில வினாடிகள் மெல்லிய சீறல் என்றால் அது லீக்கே இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளை உலர்த்த உலர்ந்த ஏர் திரும்பி வருகிற சத்தம் அது.

கம்ப்ரஸர் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வருகிறது, முள்ளும் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் அடியில் உள்ள பர்ஜ் வால்வு மூடவில்லை. கரியும் எண்ணெயும் கலந்த கசடு இருக்கையில் நிற்கும். ஏரை முழுக்க இறக்கிவிட்டுக் கழற்றிச் சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டால் சரியாகிவிடும். சர்க்ளிப்பை எடுக்கும்போது உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, முகத்தைத் தள்ளி வையுங்கள். கட்ஆஃபுக்குப் பிறகு நிற்காமல் சீறி, கட்இன் ஆனதும், அதாவது கம்ப்ரஸர் மறுபடி ஏற்றத் தொடங்கியதும் நிற்கிறது என்றால் டிரையரின் வெளிவாயில் உள்ள ஒருவழி வால்வு பின்னோக்கி விடுகிறது. இரண்டுக்கும் ரிப்பேர் கிட் கிடைக்கும். உடம்பில் விரிசல் இருந்தால்தான் முழுதாக மாற்ற வேண்டிவரும்.

கசடு ஏன் வந்தது என்பதையும் யோசியுங்கள். வேறெங்கோ பெரிய லீக் இருந்தால் கம்ப்ரஸர் கட்ஆஃபையே எட்டாது. கட்ஆஃப் இல்லையென்றால் டிரையர் ஈரத்தைத் துப்பாது. ஈரம் டேங்குக்குப் போகும், ஓய்வில்லாத கம்ப்ரஸர் சூடாகி எண்ணெயைக் கரியாக்கி அனுப்பும். டிரெய்ன் செய்யும்போது தண்ணீர் வந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். மோர் போல வெள்ளைக் குழம்பு வந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் விடுகிறது, முதலில் அதைப் பாருங்கள். டேங்குக்குள் டீசல் ஊற்றிக் கழுவுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் எல்லா வால்வுகளின் ரப்பரும் ஊதிப்போகும்.

கேள்வி (விழுப்புரம்): கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் சீறல்.

பதில்: கிளட்ச் பூஸ்டர். பிரேக்கைத் தேட வேண்டாம். பூஸ்டரின் எக்ஸாஸ்ட் வாயில் பிரேக் ஆயிலும் கலந்து வந்தால் உள் சீல்கள் இரண்டு பக்கமும் போய்விட்டன.

கேள்வி (கிருஷ்ணகிரி): நடுவழியில் ஏர் பைப் வெடித்து, ஸ்பிரிங் பிரேக் பூட்டிக்கொண்டால் எப்படியாவது பட்டறைவரை ஓட்ட வழி உண்டா?

பதில்: எந்தப் பைப் என்பதைப் பொறுத்தது. ஹார்ன், சீட் போன்ற உபரி லைன் என்றால் வால்வு வாயிலேயே அடைப்பு நட்டுப் போட்டுவிட்டு ஓட்டலாம். அதற்காகவே 6, 8, 10, 12 மில்லிமீட்டர் ஜாயின்ட் இரண்டிரண்டு, ஆலிவும் உட்குழலும், அடைப்பு நட்டு, பைப் ஒரு மீட்டர், ஒரு கட்டர், இரண்டு டி போல்ட் எல்லாம் ஒரு டப்பாவில் வண்டியிலேயே இருக்கட்டும்.

முன் பிரேக்குக்கோ பின் பிரேக்குக்கோ போகும் பைப் என்றால் அடைத்துவிட்டு லோடோடு ஓட்டாதீர்கள். நான்கு சர்க்யூட் வால்வு மற்ற சர்க்யூட்டுகளுக்கு ஏரைக் காப்பாற்றிக் கொடுக்கும்தான். அது ஓரம் கட்டி நிறுத்துவதற்கு, தொப்பூர் மலைச்சரிவில் இறங்குவதற்கு அல்ல. ஸ்பிரிங்கை டி போல்ட்டால் பூட்டி விடுவித்தால் சக்கரம் உருளும், ஆனால் பார்க்கிங் பிரேக்கே இல்லாத வண்டி அது. கட்டையை எடுப்பதற்கு முன் இழுவை வண்டி திடமான கம்பியால் இணைந்திருக்க வேண்டும், கயிறு கூடாது. பைப் சரியாகத்தான் இருக்கிறது, கம்ப்ரஸர் மட்டும் போயிற்று என்றால் டெஸ்ட் பாயின்ட் அல்லது டிரையரில் உள்ள முனை வழியாகப் பக்கத்து லாரியிலிருந்து ஏர் வாங்கிக்கொள்ளலாம். டயருக்குக் காற்றடிக்கும் ஹோஸ் பல வண்டிகளில் அப்படியே பொருந்தும்.